பெதஸ்தா குளத்தில் மற்றவர்கள் என்ன ஆனார்கள்? சுகமளிக்கும் அற்புதங்களைப் பிள்ளைகளோடு படிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அன்றைக்கு சண்டே ஸ்கூலில் யோவான் 5-ஆம் அதிகாரம் பாடம். பெதஸ்தா குளம், அதன் ஐந்து மண்டபங்கள், 38 வருஷமாக வியாதியாயிருந்த மனிதன், அவனிடம் இயேசு சொன்ன "எழுந்திரு, உன் படுக்கையை எடுத்துக்கொண்டு நட". பாடம் முடிந்ததும் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கையைத் தூக்கினான். "அக்கா, வியாதிக்காரர் அநேகர் படுத்திருந்தாங்கன்னு போட்டிருக்கே. மத்தவங்க என்ன ஆனாங்க?"

"அது பாடத்துல இல்லையேப்பா" என்று சொல்லிவிட்டு எல்லோரையும் ஜெபத்துக்கு எழுப்பிவிட்டேன். அவனுடைய பாட்டிக்கு அப்போது டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது எனக்கு அப்புறம்தான் தெரியும். அவன் குளத்தைப் பற்றியா கேட்டிருப்பான்?

நான் செய்த முதல் தவறு அதுதான், கேள்வியை நேரமில்லாத மாதிரி தள்ளிவிட்டது. 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கும் அண்ணன்மார், அக்காமார், வீட்டில் வேதம் வாசிக்கும் பெற்றோர் என்று நாம் எல்லோரும் இதில் திரும்பத் திரும்ப விழும் இடங்கள் சில இருக்கின்றன.

விசுவாசத்தைக் கணக்குச் சூத்திரமாக்குவது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. அதிகம் காயப்படுத்துவதும் இதுதான். "விசுவாசம் இருந்தால் சுகம் கிடைக்கும்" என்று நாம் ஆறுதலாகத்தான் சொல்கிறோம். ஆனால் கேட்கிறவன் அல்ஜீப்ரா படிக்கிற பையன். வீட்டுக்குப் போய் அதைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பான். அம்மாவுக்குச் சுகமாகவில்லை, அப்படியானால் அம்மாவுக்கு விசுவாசம் இல்லை. அல்லது எனக்கு இல்லை.

சுவிசேஷங்கள் இந்தச் சூத்திரத்துக்கு அடங்குவதில்லை. பெரும்பாடுள்ள, அதாவது உதிரப்போக்கு நிற்காத பெண்ணிடம் "உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது" என்கிறார் இயேசு, உண்மைதான். ஆனால் கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரன் (உடம்பை அசைக்க முடியாதவன்) விஷயத்தில் அவர் பார்த்தது தூக்கி வந்தவர்களின் விசுவாசத்தையும் சேர்த்து. யவீருவின் மகள் பன்னிரண்டு வயதுப் பெண், இறந்து கிடக்கிறாள். அவளிடம் எந்த விசுவாசத்தை அளப்பது? பெதஸ்தாவில் எழுந்து நடந்தவனுக்குத் தன்னைச் சுகமாக்கியவர் யார் என்றே தெரியாது (யோவான் 5:13). மல்குஸ் கைது செய்ய வந்த கூட்டத்து ஆள், வெட்டுப்பட்ட அவன் காதும் சொஸ்தமாகிறது. யாக்கோபு 5-இல் வரும் "விசுவாசமுள்ள ஜெபம்" யாருடைய ஜெபம் என்று நிதானமாக வாசித்துப் பாருங்கள். எண்ணெய் பூசி ஜெபிக்க வந்த மூப்பர்களின் ஜெபம் அது. படுக்கையில் கிடப்பவரிடம் யாரும் விசுவாசப் பரீட்சை வைக்கவில்லை.

இதை நீங்களே சொல்லிக் கொடுக்காதீர்கள். போர்டில் மூன்று கட்டம் போடுங்கள்: யாருக்குச் சுகம், யாருடைய விசுவாசம், இயேசு என்ன செய்தார். மாற்குவை மட்டும் கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள். மூன்றாவது கட்டம் நிரம்ப நிரம்பப் பிள்ளைகளுக்கே சிரிப்பு வரும். ஓரிடத்தில் தொடுகிறார், ஓரிடத்தில் உமிழ்கிறார், ஓரிடத்தில் ஆளைப் பார்க்காமலே சொல்லி அனுப்புகிறார். பெத்சாயிதாவில் ஒருவனுக்கு ஒரே தடவையில் பார்வை தெளியவில்லை, மனிதர்கள் நடக்கிற மரங்கள் போலத் தெரிகிறார்கள், மறுபடியும் கை வைக்கிறார். முறை என்று ஒன்று இருந்தால் அது ஒவ்வொரு தடவையும் ஏன் மாறுகிறது?

கொஞ்சம் படித்த பிள்ளை நாசரேத்தைக் கொண்டு வரும். மாற்கு 6-இல் அவிசுவாசத்தினால்தானே அங்கே அதிகம் செய்ய முடியவில்லை என்று கேட்கும். ஆமாம் என்று ஒப்புக்கொள்ளுங்கள். வசனத்தை வளைக்க வேண்டாம். ஆனால் அங்கே பேசப்படுவது "இவன் தச்சன் அல்லவா" என்று ஒரு ஊரே அவரைத் தள்ளிவிட்டது. அதே வசனத்தில் சில நோயாளிகள் சுகமாகவும் செய்கிறார்கள். ஒரு நோயாளியின் மனதை எடை போட அதில் தராசு இல்லை.

"யார் செஞ்ச பாவமோ"

நம் தெருவில் இந்த வாக்கியத்தைக் கேட்காத ஆள் இருக்க முடியாது. கிறிஸ்தவ வீடுகளிலும் சாதாரணமாகச் சொல்வார்கள். யோவான் 9-இல் சீஷர்கள் கேட்பது கிட்டத்தட்ட இதே வாக்கியம்தான்: இவன் குருடனாய்ப் பிறந்தது இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா? இரண்டுமில்லை என்கிறார் இயேசு. சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேரைப் பற்றி லூக்கா 13-இல் சொல்வதும் இதே தொனி.

ஆனால் யோவான் 5:14-ஐ மறைக்காதீர்கள். பெதஸ்தாவில் சுகமான அதே மனிதனிடம் "இனிப் பாவஞ்செய்யாதே" என்று எச்சரிக்கை வருகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால், சில சமயம் சம்பந்தம் இருக்கலாம், பல சமயம் இல்லை, பக்கத்து வீட்டுக்காரரின் வியாதிக்குக் காரணம் சொல்லும் வேலை நமக்குத் தரப்படவில்லை என்ற இடத்துக்குப் பிள்ளைகள் தாங்களாகவே வந்துவிடுவார்கள்.

சுகமாகாதவர்களைத் தாண்டிப் போவது

குஷ்டரோகியான நாகமானின் கதை எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். யோர்தானில் ஏழு தரம் முழுகிய கதையை எத்தனை ஆண்டு விழா நாடகத்தில் பார்த்திருப்போம்! அவனை அனுப்பிய எலிசா எப்படிச் செத்தார் என்று கேட்டுப் பாருங்கள். 2 இராஜாக்கள் 13:14: வியாதியில் செத்தார். அத்தனை பேருக்கு அற்புதம் செய்த தீர்க்கதரிசிக்கு அவர் வியாதி நீங்கவில்லை. என் வகுப்பில் இதைச் சொன்ன அன்று ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை.

பவுலை வாட்டிய "மாம்சத்திலே ஒரு முள்", மூன்று தரம் கேட்டும் போகவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான் வந்தது. துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியாய் விட்டுவந்தேன் என்று அதே பவுல் எழுதுகிறார். தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வயிற்றுக் கோளாறு. பவுல் அவருக்குச் சொல்வது கொஞ்சம் திராட்சரசம் குடி என்றுதான். இதெல்லாம் வேதத்திலேயே இருக்கிறது, வகுப்பில்தான் இல்லை.

மருந்தை விசுவாசத்துக்கு எதிரியாக்குவது

இதில் தயவு தாட்சண்யம் பார்க்காதீர்கள், உயிர் சம்பந்தப்பட்டது. முக்கியமாக வலிப்பு. மத்தேயு 17-இல் தீயிலும் ஜலத்திலும் விழுகிற பையனைப் பழைய மொழிபெயர்ப்பு "சந்திரரோகி" என்கிறது. அவனிடமிருந்து பிசாசு துரத்தப்படுவதால், வலிப்பு என்றாலே பிசாசு என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிடுவார்கள். மத்தேயு 4:24-க்குக் கூட்டிப் போங்கள். அங்கே பிசாசுபிடித்தவர்கள், சந்திரரோகிகள், திமிர்வாதக்காரர் என்று தனித்தனியாக வரிசைப்படுத்தியிருக்கிறது. இந்த வேறுபாடு சுவிசேஷகருக்கே தெரிந்திருக்கிறது. வலிப்பு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் அடுத்த வலிப்பு நிற்காமல் தொடர்ந்து உயிரையே வாங்கலாம். மனச்சோர்வுக்கு மருந்து எடுக்கும் பிள்ளை உங்கள் வகுப்பிலேயே சொல்லாமல் உட்கார்ந்திருக்கலாம், அதையும் நினைவில் வையுங்கள்.

சாகும் நிலையில் கிடந்த எசேக்கியா ராஜா அழுது ஜெபித்தார், 15 வருஷம் ஆயுள் கூடியது. கூடவே ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழத்து அடையைப் பிளவையின் (கட்டியின்) மேல் வைக்கச் சொன்னார். லூக்கா வைத்தியர். (பெரும்பாடுள்ள பெண் வைத்தியர்களிடம் போய் இன்னும் மோசமானாள் என்று மாற்கு எழுதுகிறார். லூக்கா அந்த "மோசமானாள்" என்பதை மட்டும் எழுதவில்லை. தொழில் பாசம் என்று நான் வகுப்பில் கிண்டலாகச் சொல்வதுண்டு.) ஐடா ஸ்கடர் 1900-இல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனைதான் இன்றைய வேலூர் சி.எம்.சி. அதைக் கட்டியவர்கள் ஜெபிக்காதவர்களா என்ன?

குஷ்டரோகம் என்ற சொல்லையும் விளக்கிவிடுங்கள். லேவியராகமம் 13, 14-இல் அது துணியிலும் வீட்டுச் சுவரிலும்கூட வருகிறது. அதனால் அது இன்றைய தொழுநோய் மட்டுமாக இருக்க முடியாது. இன்றைய தொழுநோய்க்குக் கூட்டு மருந்து இருக்கிறது, 6 அல்லது 12 மாதத்தில் குணமாகிவிடும். அதேபோல குருடன், சப்பாணி எல்லாம் பழைய மொழிபெயர்ப்பின் சொற்கள். வகுப்புக்கு வெளியே யாரையும் அப்படிக் கூப்பிடக் கூடாது என்று சொல்லியே ஆக வேண்டும்.

வாட்ஸ்அப்பில் வரும் சாட்சிகள்

பிள்ளைகள் கையில் போன் இருக்கிறது. கேன்சர் மறைந்தது, கால் வளர்ந்தது என்று வாரம் ஒரு வீடியோ வரும். எல்லாம் பொய் என்று சொல்ல வேண்டாம், எல்லாம் நிஜம் என்றும் தலையாட்ட வேண்டாம். மாற்கு 1:44-ஐத் திறவுங்கள். சுத்தமான குஷ்டரோகியிடம் இயேசு இரண்டு விஷயம் சொல்கிறார்: யாரிடமும் சொல்லாதே; போய் ஆசாரியனிடம் உன்னைக் காண்பி. ஊர் முழுக்கப் பரப்பாதே, ஆனால் பரிசோதிக்க வேண்டியவரிடம் காட்டு. நம் வீடியோக்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கின்றன.

பிரான்சில் உள்ள லூர்து இதற்கு நல்ல உதாரணம். வேளாங்கண்ணியைக் கிழக்கின் லூர்து என்பார்களே, அந்த லூர்துதான். அங்கே சுகம் பெற்றதாகச் சொல்கிறவர்களை விசாரிக்க மருத்துவர்கள் கொண்ட ஒரு அலுவலகமே இருக்கிறது. நோய் கடுமையானதா, முன்பு உறுதி செய்யப்பட்டதா, கொடுத்த சிகிச்சையால் விளக்க முடியுமா, சுகம் நிலைத்ததா என்று வருஷக்கணக்கில் பார்ப்பார்கள். 1858 முதல் இத்தனை லட்சம் யாத்ரீகர்கள் போயும் திருச்சபை அற்புதம் என்று அறிவித்தவை 70-ஐச் சற்றே தாண்டும். கேள்வி கேட்பது அவிசுவாசம் என்று நினைக்கும் பிள்ளைக்கு இதைச் சொல்லுங்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. படித்த ஆசிரியர்கள் அதில் விழுவார்கள். "அது மனோவியாதியாக இருந்திருக்கும், நம்பிக்கையில் சரியாகியிருக்கும்" என்று ஒரே வரியில் எல்லாவற்றையும் முடித்துவிடுவது. நான்கு நாள் கல்லறையில் கிடந்த லாசருவுக்கு அது பொருந்தாது. அற்புதம் நடந்தது என்று எழுதியவர்கள் சொல்கிறார்கள். அதைக் கேட்டுத் திகைக்கவோ சந்தேகப்படவோ பிள்ளைக்கு நேரம் கொடுங்கள். "விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும்" என்று அழுத தகப்பனை இயேசு திருப்பி அனுப்பவில்லையே.

ஒன்று மட்டும் கண்டிப்பு. வீல்சேரில் வரும் பிள்ளையைப் பாடத்துக்கு உதாரணமாக்காதீர்கள், கேட்காமல் தலையில் கை வைத்து ஜெபிக்கவும் வேண்டாம். பர்திமேயுவுக்குப் பார்வை இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படியும் இயேசு அவனிடம் என்ன வேண்டும் என்று கேட்டுத்தான் செய்தார்.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பையனைக் கூப்பிட்டேன். "அன்னைக்கு நீ கேட்டதுக்கு எனக்குப் பதில் தெரியல. வேதத்துலயும் இல்லை. அதைச் சொல்லாம விட்டது என் தப்பு" என்றேன். பாட்டியைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினான், வாரம் இரண்டு தடவை போய் வருகிறார்களாம். இருவரும் ஜெபித்தோம். எழுந்து போகும்போது வாசலில் நின்று இன்னொன்று கேட்டான்.

"38 வருஷம் அங்கயே கிடந்தாருன்னா பக்கத்துல படுத்திருந்தவங்க எல்லாம் அவருக்கு ஃப்ரெண்ட்ஸா இருந்திருப்பாங்கல்ல அக்கா? நடக்க முடிஞ்ச பிறகு அவர் திரும்பிப் போய் அவங்களைப் பார்த்திருப்பாரா?"