சின்னக் குழந்தையோடு மேஜிக் கிங்டம்: முதல் தடவை போகிறவர்களுக்கு

அமெரிக்காவில் ஆர்லண்டோ அருகே உள்ள டிஸ்னி வேர்ல்ட் என்பது ஒரே பூங்கா அல்ல. நான்கு பூங்காக்கள் இருக்கின்றன. ஐந்து வயதுக்குக் கீழ் குழந்தை இருந்து, ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் யோசிக்காமல் மேஜிக் கிங்டம் போங்கள். 1971-ல் திறந்த பழைய பூங்கா. உயரக் கட்டுப்பாடு இல்லாத ரைடுகள் இங்கேதான் நிறைய. நாங்கள் போனபோது மகளுக்கு நான்கு வயது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவும் கூட வந்தார்.

படி 1: வீட்டிலேயே உயரத்தை அளந்துவிடுங்கள்

டிக்கெட் வாங்குவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். பார்ன்ஸ்டார்மர் என்ற குட்டி ரோலர் கோஸ்டருக்கு 89 செ.மீ. வேண்டும். செவன் டுவார்ஃப்ஸ் மைன் ட்ரெயினுக்கு 97 செ.மீ., ஸ்பேஸ் மவுண்டனுக்கு 112 செ.மீ. வாசலிலேயே கோல் வைத்து அளந்து பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். கெஞ்சிப் பயனில்லை, அது பாதுகாப்புக்காக.

நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். சுவரில் சாய்த்து நிறுத்தி, 97 என்று பென்சிலால் கோடு போட்டு, ஒரு வாரமாக அவளிடம் அந்த ரயிலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். உச்சியில் போட்டிருந்த கொண்டையையும் சேர்த்து அளந்திருக்கிறேன்! அங்கே கோலுக்கு அடியில் நின்றபோது ஒரு விரல் கடை குறைந்தது. "நான் இன்னும் வளரலையாம்மா?" என்று கேட்டாள். கொண்டையை அவிழ்த்துவிட்டு அளங்கள். எட்டாத ரைடின் பெயரை வீட்டில் எடுக்கவே எடுக்காதீர்கள்.

படி 2: டிக்கெட்

மூன்று வயது நிறையாத குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். 3 முதல் 9 வயது வரை குழந்தைக் கட்டணம், 10 ஆனால் பெரியவர் கணக்கு. குழந்தைக் கட்டணம் என்றதும் பாதி விலை என்று நினைத்துவிட வேண்டாம், பெரியவர் விலையிலிருந்து கொஞ்சம்தான் குறையும். விலை தேதிக்குத் தேதி மாறும். மூன்றாவது பிறந்தநாள் நெருங்குகிறது என்றால் அதற்கு முன்பே போய்விட்டு வருவது லாபம்.

படி 3: தள்ளுவண்டி

"அவள் நன்றாக நடப்பாளே" என்று ஸ்ட்ரோலரை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஐந்து வயதுப் பிள்ளைகூட மத்தியானத்துக்கு மேல் தூக்கச் சொல்லும். வாடகைக்கும் கிடைக்கும். சொந்த வண்டி என்றால் அகலம் 79 செ.மீ.க்குள், நீளம் 132 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். இழுத்துக்கொண்டு போகும் வேகன் வகைக்கு அனுமதி இல்லை.

ரைடுகளுக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்த இடம் இருக்கும். வரிசை ஒழுங்காக இருக்க ஊழியர்கள் வண்டிகளை நகர்த்தி வைப்பார்கள், அதனால் விட்ட இடத்திலேயே இருக்காது. நூறு கறுப்பு வண்டிகளுக்கு நடுவே நம்முடையதைத் தேட வேண்டிவரும். அம்மா ஒரு மஞ்சப்பையைக் கைப்பிடியில் கட்டிவிட்டார். அன்று முழுக்க எங்கள் வண்டியை இருபதடி தூரத்திலிருந்தே கண்டுபிடித்தோம்.

படி 4: சாப்பாட்டைக் கட்டிக்கொள்ளுங்கள்

வெளிச் சாப்பாடு கொண்டுபோகலாம். நம்மவர்கள் பலருக்கு இது தெரியாது. தயிர்சாதம், சப்பாத்தி ரோல், முறுக்கு எல்லாம் தாராளமாகப் போகும். கண்ணாடிப் பாத்திரம் கூடாது. கூலர் பையில் உதிரி ஐஸ்கட்டி போடக் கூடாது, உறைய வைத்த ஜெல் பேக் போடுங்கள். தண்ணீர் பாட்டிலைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். கவுண்டரில் ஆர்டர் செய்து வாங்கும் உணவகங்களில் கேட்டால் ஐஸ் தண்ணீர் இலவசம்.

மாற்றுத்துணி ஒரு செட், மெல்லிய மழைக்கோட்டு, தொப்பி. கோடையில் ஃப்ளோரிடாவில் மத்தியானத்துக்கு மேல் இடிமழை சகஜம். மின்னல் வந்தால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள்.

படி 5: போய்ச் சேருவது

காரை நிறுத்தும் இடத்துக்கும் பூங்காவுக்கும் நடுவே ஒரு ஏரி இருக்கிறது. நிறுத்திவிட்டு மோனோரயிலோ ஃபெர்ரியோ பிடித்துத்தான் வாசலுக்குப் போக முடியும். சோதனை, கூட்டம் எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஃபெர்ரி என் தேர்வு. வண்டியை மடக்காமல் ஏறலாம், பூங்காவின் சிண்ட்ரெல்லா கோட்டை கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாவதைக் குழந்தை பார்த்துக்கொண்டே வரும்.

காரை விட்டு இறங்கியதும் கார் நிற்கும் வரிசையின் பெயரையும் எண்ணையும் போனில் படம் எடுங்கள். அப்புறம் முக்கியமான ஒன்று: உங்கள் போன் எண்ணைக் குழந்தையின் கையில் பேனாவால் எழுதி, மேலே நிறமில்லாத நெயில் பாலிஷ் தடவுங்கள். வழி தவறினால் பெயர் அட்டை மாட்டிய ஊழியரிடம் போகச் சொல்லிப் பழக்குங்கள்.

படி 6: முதல் இரண்டு மணி நேரம்

திறக்கும் நேரத்துக்கு முன்பே வாசலில் இருங்கள். உள்ளே போனதும் மெயின் ஸ்ட்ரீட் என்ற கடைத்தெருவில் நிற்காமல் நேரே ஃபேன்டஸிலேண்ட் பகுதிக்குப் போங்கள். முதலில் பீட்டர் பான் ரைடு, ஏனென்றால் நாள் முழுக்க அங்கே வரிசை நீளும். பிறகு வின்னி தி பூ, குதிரை ராட்டினம், இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட். கடைசியாகச் சொன்னது படகு ரைடு, பத்து நிமிடத்துக்கு மேல் போகும். பொம்மைகள் பாடும் பாட்டு ஒரு வாரம் காதை விட்டுப் போகாது, அதற்கு நான் பொறுப்பில்லை.

டம்போ யானைகள் சுற்றும் ராட்டினத்தில் வரிசை நடுவே குழந்தைகள் விளையாட உள்ளரங்கம் உண்டு. காத்திருப்பதே அவர்களுக்கு விளையாட்டாகிவிடும். எங்கள் மகள் யானையில் ஏற வெளியே வரமாட்டேன் என்றாள்.

பணம் கட்டிக் குறுக்குவரிசையில் போகும் லைட்னிங் லேன் வேண்டுமா என்றால், இந்த வயதுக்கு, சீக்கிரம் போகிறவர்களுக்கு, வேண்டாம் என்பேன்.

படி 7: பெரியவர்களும் ஏற ஒரு வழி

உயரம் எட்டாத குழந்தை இருந்தால் வாசல் ஊழியரிடம் 'ரைடர் ஸ்விட்ச்' என்று சொல்லுங்கள். ஒருவர் வரிசையில் நின்று ஏறுவார், மற்றவர் குழந்தையோடு வெளியே இருப்பார். முதல் ஆள் திரும்பி வந்ததும் அடுத்தவர் நீண்ட வரிசையில் நிற்காமல் லைட்னிங் லேன் வழியாகவே போகலாம். கூடுதல் கட்டணம் கிடையாது. மைன் ட்ரெயினுக்கு முதலில் என் கணவர் போனார். பிறகு நானும், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அம்மாவும். ஏறும்வரை முருகா முருகா என்றவர், இறங்கியதும் இன்னொரு தடவை உண்டா என்றார்.

படி 8: மத்தியானம் ஓய்வு

பகல் 12-க்கு மேல் வெயிலும் கூட்டமும் உச்சம். மெயின் ஸ்ட்ரீட் முடியும் இடத்தில், கிரிஸ்டல் பேலஸ் உணவகத்தை ஒட்டி பேபி கேர் சென்டர் இருக்கிறது. பால் கொடுக்கத் தனியறை, டயப்பர் மாற்ற மேசை, சாப்பாடு சூடாக்க மைக்ரோவேவ் எல்லாம் உண்டு. ஏசியும் உண்டு. வழி தவறிய குழந்தைகளையும் இங்கேதான் கொண்டுவருவார்கள், அதனால் இடத்தை முன்பே பார்த்து வையுங்கள்.

தூங்க மறுத்தால் பீப்பிள்மூவர் என்ற ரைடில் ஏற்றுங்கள். உயரத்தில் உள்ள பாதையில் நிழலில் மெதுவாகப் போகும், பத்து நிமிடத்தில் கண் சொருகிவிடும். விழித்தபின் கேஸி ஜூனியர் பக்கம் போனால் தண்ணீர் பீய்ச்சும் பொம்மை ரயில் இருக்கிறது. மாற்றுத்துணி அதற்குத்தான்.

படி 9: இரவு

வாணவேடிக்கைக்கு நிற்பதா வேண்டாமா என்பதைக் குழந்தையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். தீபாவளி அணுகுண்டுக்கே காதைப் பொத்தும் பிள்ளை என்றால் கோட்டைக்கு முன்னால் நிற்காதீர்கள். முடிந்ததும் மொத்தக் கூட்டமும் ஒரே சமயத்தில் வாசலுக்கு வரும். நாங்கள் அரைமணி முன்னதாகவே கிளம்பி ஃபெர்ரியில் உட்கார்ந்தோம். வெடிகள் ஏரிக்கு மேலே தூரத்தில் தெரிந்தன. அவள் மடியில் தூங்கிவிட்டாள்.

கரையில் இறங்கியபோது என் போனில் சார்ஜ் இல்லை, காலையில் எடுத்த படம் அதற்குள் இருந்தது. வரிசைகளுக்குக் கதாபாத்திரங்களின் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். "அந்தத் தாடிக்கார மந்திரவாதி படம் போட்ட பக்கம்" என்றார் அம்மா. அலாதீன் படத்து வில்லன் ஜாஃபர். கார் அங்கேதான் நின்றது.