கிரைச் டிராம் அருங்காட்சியகத்துக்குப் போகிறீர்களா?

இங்கிலாந்தின் டார்பிஷயரில், பழைய சுண்ணாம்புக்கல் குவாரி ஒன்றில் இருக்கிறது கிரைச். ஆர்வலர்கள் 1959-இல் இந்த இடத்துக்கு வந்து, தண்டவாளத்தைத் தாங்களே போட்டார்கள். 1964-இல் மின்சார டிராம் ஓட ஆரம்பித்தது. குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், தேதி பார்த்துக் கிளம்புங்கள். ரயிலில் வந்தால் வாட்ஸ்டாண்ட்வெல்லில் இறங்கலாம். ஆனால் அங்கிருந்து செங்குத்தான ஏற்றம். அம்மாவோடு போகும்போது நான் கார்தான் எடுப்பேன்.

நுழைவுச்சீட்டோடு பழைய பென்னிக் காசு தருவார்கள். அதை நடத்துநரிடம் கொடுத்து டிக்கெட் வாங்கிக்கொண்டால், நாள் முழுக்க எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம். முதல் டிராமிலேயே மாடியில் உட்காருங்கள், முழங்கால் வலி இல்லையென்றால். சுமார் ஒரு மைல் போய் குளோரி மைன் என்ற கடைசி நிறுத்தத்தில் நிற்கும். கீழே பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கும். அங்கே உடனே வேடிக்கை பார்க்கப் போய்விடாதீர்கள்: மேலே மின்கம்பியைத் தொடும் நீண்ட கம்பத்தைக் கயிற்றால் இழுத்து மறுபக்கம் திருப்புவார்கள், இருக்கைகளின் முதுகையும் புரட்டிப் போடுவார்கள். வண்டி திரும்புவதில்லை, பயணிகள்தான் திரும்பி உட்காருகிறோம். எனக்கு அலுக்காத காட்சி அது.

அப்புறம் பணிமனை. மேல்தளத்திலிருந்து, மரச்சட்டங்களைக் கையாலேயே சீரமைப்பதைப் பார்க்கலாம். இதற்கு நிறைய நேரம் ஒதுக்குங்கள்.