உப்புத் தண்ணீரும் கடல் காற்றும் உள்ள தெருவில் மரம் வைப்பது எப்படி

புரட்டாசி பிறந்துவிட்டால் யாராவது நம் கையில் ஒரு மரக்கன்றைத் திணித்துவிடுவார்கள். கட்சிக்காரர், கல்யாண வீட்டுக்காரர், பிள்ளையின் பள்ளிக்கூடம், யாராவது. வாங்கிவந்து வாசலில் சின்னதாக ஒரு குழி தோண்டி நட்டுவிட்டு தை மாதம் பார்த்தால் குச்சி மட்டும் நிற்கும். நம் வடசென்னைத் தண்டையார்பேட்டை மண்ணுக்கும் ஆழ்குழாய்ப் போர் தண்ணீருக்கும் ஒத்துவராத கன்றை வைத்துவிட்டு நம் கை ராசியைத் திட்டிக்கொண்டிருப்போம்.

கன்று எடுப்பதற்கு முன்னால், அது என்ன வேலை செய்யப் போகிறது என்று யோசியுங்கள். மரம் வைத்தால்தான் ஆக்சிஜன் என்கிற கதையை மட்டும் ஓரமாக வைத்துவிடலாம். உலகத்தில் உண்டாகும் ஆக்சிஜனில் ஏறக்குறைய பாதி கடலில் மிதக்கும் நுண்ணுயிர்கள் தருவது, அதுதான் காசிமேட்டுக்கு எதிரிலேயே கிடக்கிறதே. ஜன்னலோரம் ஒரு மணி பிளான்ட் வைத்தால் மணலிப் பக்கத்துப் புகை வீட்டுக்குள் வராது என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். அந்தப் பேச்சு 1989-ல் நாசா செய்த ஆய்விலிருந்து கிளம்பியது, அவர்கள் சோதித்தது காற்றுப் புகாமல் மூடிய பெட்டிக்குள். நம் வீட்டில் கதவு எப்போதும் திறந்துதான் இருக்கிறது. அழகுக்கு வைத்தால் தாராளமாக வையுங்கள்.

தெரு மரம் உண்மையில் செய்கிற வேலை வேறு. நிழல் தரும், இலை வழியே நீராவி விட்டுச் சுற்றுக் காற்றைக் கொஞ்சம் குளிர்விக்கும், லாரி கிளப்புகிற புழுதியில் ஒரு பங்கை இலையில் பிடித்து வைத்து மழையில் கழுவி இறக்கும், வேர் போகிற இடத்தில் மழைத்தண்ணீர் உள்ளே இறங்க வழி விடும், பூச்சிக்கும் குருவிக்கும் சோறு போடும். கத்திரி வெயிலில் பகல் ஒரு மணிக்கு மாதவரம் நெடுஞ்சாலையில் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கு முதல் வேலையின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, எந்த மரம்? மூன்றைப் பாருங்கள்: கடல் எவ்வளவு தூரம், மழையில் தண்ணீர் எத்தனை நாள் நிற்கும், போர் தண்ணீரில் உப்பு எவ்வளவு. தண்ணீரை ஒரு பக்கெட்டில் வெயிலில் காயவிட்டால் அடியில் தங்கும் வெள்ளைப் படிவே போதும், பரிசோதனைச் சாலைக்குப் போக வேண்டாம்.

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டி இருந்தால் பூவரசும் புன்னையும்தான் என் முதல் தேர்வு. இரண்டும் கடற்கரையிலேயே வளர்ந்து பழகியவை, உப்புக் காற்றுக்கு அசராது. புன்னை மெதுவாகத்தான் வளரும், பொறுமை வேண்டும். பூவரசுக்குப் போத்து வெட்டி நட்டாலே துளிர்த்துவிடும், காசு செலவில்லை, பிள்ளைகளுக்குப் பீப்பீ ஊத இலையும் கிடைக்கும். ஆனால் போத்திலிருந்து வரும் மரத்துக்கு ஆணிவேர் இருக்காது, அதனால் காற்று நேராக அடிக்கிற இடத்தில் விதையில் வந்த கன்றையே வையுங்கள். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை மாதிரி மழையில் நாள்கணக்கில் தண்ணீர் தேங்குகிற தெருக்களில் வேம்பு வைத்தால் வேர் அழுகும், அங்கே புங்கன். புங்கன் வெள்ளத்தையும் தாங்கும் வறட்சியையும் தாங்கும், அவரைக் குடும்பம் என்பதால் வேரில் உள்ள பாக்டீரியா மூலம் மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கும். இலையில் கொப்புளம் கொப்புளமாக வரும், அது கண்ணுக்குத் தெரியாத ஒரு வகைச் சிற்றுண்ணியின் வேலை, மரத்துக்குப் பெரிய கேடில்லை, மருந்து அடிக்க ஓடாதீர்கள். கொளத்தூர், பெரம்பூர்ப் பக்கம் தண்ணீர் தேங்காத மேட்டுத் தெருவாக இருந்தால் வேம்பு தாராளமாக வரும்.

சீக்கிரம் வளரும், பூ அழகாக இருக்கும் என்று மயில்கொன்றையும் (குல்மோகர்) தூங்குமூஞ்சியும் வைக்கிறவர்கள் 2016 டிசம்பர் 12-ஐ ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள். வர்தா புயல் அன்று நகரத்தில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. இந்த வெளிநாட்டு மரங்களை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. கேபிளுக்கும் குழாய்க்கும் தோண்டித் தோண்டி வேரை வெட்டி, அடிமரம் வரைக்கும் சிமென்ட் பூசி வைத்தால் எந்த மரம்தான் நிற்கும்? உங்கள் வாசல் மரத்தைச் சுற்றி மூன்றடிக்கு மூன்றடியாவது மண் தெரியட்டும்.

குழி இரண்டடி நீளம், அகலம், ஆழம். எடுத்த மண்ணில் மூன்றில் ஒரு பங்கு மக்கிய எரு, கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு கலந்தால் போதும். பையை முழுசாகக் கிழித்து எடுங்கள், பையோடு இறக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வேர் பைக்குள் வட்டமாகச் சுற்றியிருந்தால் அந்தச் சுற்றை வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் மரம் பெரிதானாலும் அதே சுற்றிலேயே நிற்கும், ஒரு பெரிய காற்றுக்கு அப்படியே பெயர்ந்துவிடும். தண்டும் வேரும் சேருகிற கழுத்து தரை மட்டத்தில் இருக்க வேண்டும், புதைக்கக் கூடாது. ஊன்றுகோலை எட்டுப் போட்ட மாதிரி தளர்வாகக் கட்டி, ஒரு வருஷத்தில் அவிழ்த்துவிடுங்கள். கூண்டும் அப்படித்தான், மரம் பருத்த பிறகும் கழற்றாத இரும்பு வளையம் பட்டையை அறுக்கும். மேலே மின்கம்பி போகிறதா, கீழே கழிவுநீர்க் குழாய் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழை தொடங்கிய கையோடு நட்டால் முதல் இரண்டு மாதம் தண்ணீர்க் கவலை இல்லை. பொது இடம் என்றால் மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

அப்புறம் மாடி. தொட்டிக்குப் போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் மேல் மண்ணில் உப்புப் பூக்கும், இலை நுனி கருகும். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரில் உப்பே கிடையாது, பிடித்து ஊற்றுங்கள். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீர் அதற்கு நேர்மாறு, உப்பு கூடின தண்ணீர், அதைத் தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் தொட்டிகளை நன்றாக நனையவிட்டால் சேர்ந்த உப்பு வடிந்துவிடும்.

தொட்டிக்குக் காசு செலவழிக்க வேண்டாம் என்றால் மீன் வியாபாரிகள் தூக்கிப் போடுகிற தெர்மோகோல் பெட்டி இருக்கிறது. அடியில் ஐந்தாறு ஓட்டை, இரண்டு செங்கல் மேல் வைத்துவிட்டால் தளமும் ஊறாது. வெயிலில் ஓரம் பொடியும், வெளிப்புறம் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் கொஞ்ச நாள் கூடத் தாங்கும். கீரைக்கு இது நன்றாகப் பொருந்தும். கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் பக்கமோ, பழைய பட்டறை இருந்த இடத்திலோ, கால்வாய் ஓரத்திலோ வீடு இருந்தால் கீரையைத் தரையில் போடவே வேண்டாம். அந்த மாதிரி மண்ணில் ஈயம் போன்ற உலோகங்கள் இருக்க வாய்ப்புண்டு, காயைவிட இலைதான் அதை அதிகம் இழுத்துக்கொள்ளும். வாங்கிய மண்ணைப் பெட்டியில் போட்டு வளர்த்து, பறித்தபின் புழுதி போக நன்றாகக் கழுவிச் சமையுங்கள்.

கறிவேப்பிலையில் பறவை எச்சம் மாதிரி ஒன்று ஒட்டியிருந்தால் தட்டிவிடாதீர்கள், அது வண்ணத்துப்பூச்சியின் புழு. கொஞ்சம் வளர்ந்தால் பச்சையாகிவிடும், தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கொம்பு நீட்டி ஒரு நாற்றம் விடும். பத்து இலை போகும், போகட்டும். சிட்டுக்குருவி தானியம் தின்கிற பறவைதான், ஆனால் குஞ்சுக்குப் புழுவைத்தான் ஊட்டும். வீட்டுக்கு வீடு மருந்து அடித்துவிட்டு அட்டைப்பெட்டிக் கூடு மட்டும் தொங்கவிட்டால் குருவி என்ன செய்யும்? முருங்கைக் கம்பளிப்பூச்சிக்கு மட்டும் இந்தத் தயவு வேண்டாம், உடம்பெல்லாம் தடித்துவிடும். பகலில் அடிமரத்தில் கூட்டமாகத்தான் இருக்கும், அப்போது நீளக் குச்சித் துடைப்பத்தால் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் தள்ளிவிடுங்கள்.

உரம் நம் பக்கத்தில் சும்மாவே கிடைக்கிறது. மீன் நறுக்குகிற இடத்தில் குடல், செதில், தலை எல்லாம் வாங்கி, அதே எடைக்கு வெல்லம் பொடித்துப் போட்டு, இறுக்கமான மூடி உள்ள பிளாஸ்டிக் வாளியில் மூன்று நாலு வாரம் நிழலில் வையுங்கள். சரியாக வந்திருந்தால் நாற்றம் அடங்கித் தேன் நிறத்தில் ஒரு சாறு இறங்கியிருக்கும். வடிகட்டி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி கலந்து பதினைந்து நாளைக்கு ஒருமுறை மாலையில் தெளித்தால் போதும், கூடப் போனால் இலை கருகும். மூடி மேல் கனமாக ஒரு கல் வையுங்கள், தெருப் பூனைகளுக்கு மோப்பம் பிடிக்க ரொம்ப நேரம் ஆகாது.