24 அங்குல பைப்பைத் தூக்கும் முன் எடையும் கோணமும்

பைப்பின் மேல் சாக்பீஸால் எழுதியிருக்கும் எடையை மட்டும் நம்பி ஸ்லிங் (தூக்கக் கட்டும் கயிறு அல்லது பெல்ட்) எடுக்காதீர்கள். பல நேரம் அது வெறும் எஃகின் எடைதான். நீங்களே கணக்குப் போடலாம். வெளிவிட்டத்திலிருந்து சுவர்த் தடிப்பைக் கழித்து, அதைத் தடிப்பால் பெருக்கி, 0.02466-ஆல் பெருக்கினால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். அளவுகள் மில்லிமீட்டரில் இருக்கவேண்டும். 24 அங்குலப் பைப்புக்கு 610 விட்டம், 12.7 தடிப்பு என்றால் மீட்டருக்கு 187 கிலோ, 12.2 மீட்டர் நீளப் பைப் சுமார் 2.3 டன்.

கடலடியில் போடும் பைப் மிதக்காமலிருக்க அதன்மேல் கான்கிரீட் பூசுவார்கள். மேலே சொன்ன பைப்பிலேயே 50 மி.மீ. பூச்சு, அடர்த்தி கன மீட்டருக்கு 3,040 கிலோ என்று வையுங்கள். மீட்டருக்கு 315 கிலோ கூடி, மொத்தம் 6.1 டன் ஆகிவிடும். வெல்டிங்குக்காக இரு முனையிலும் பூச்சில்லாமல் விட்டிருப்பார்கள். அதைக் கழிக்காமல் விட்டால் கணக்கு பாதுகாப்பான பக்கம் நிற்கும்.

ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுத்துச் சோதிப்பது) முடிந்த ஸ்பூல் (பொருத்தத் தயாரான பைப் துண்டு) என்றால் வடிகால் வால்வைத் திறந்து பாருங்கள். இந்த அளவுப் பைப்பில் தண்ணீர் நிறைந்திருந்தால் மீட்டருக்கு 268 கிலோ, அதாவது எஃகையே மிஞ்சும் எடை. கொஞ்சம் தங்கியிருந்தாலும் ஆபத்துதான். தூக்கியதும் தண்ணீர் தாழ்ந்த முனைக்கு ஓடும், அந்த முனை இன்னும் தாழும்.

அடுத்தது ஸ்லிங் சாயும் கோணம். அதிகம் தவறுவது இங்கேதான். கோணத்தை அளக்கக் கருவி தேவையில்லை. ஸ்லிங்கின் ஒரு காலின் (ஹூக்கிலிருந்து பைப் வரை) நீளமும் பைப்பில் இரண்டு பிடிமானங்களுக்கு இடைப்பட்ட தூரமும் சமமாக இருந்தால், கிடைமட்டத்திலிருந்து 60 டிகிரி. அந்தத் தூரத்தில் பத்தில் ஏழு பங்குதான் ஸ்லிங் என்றால் 45. நம் 6.1 டன் பைப்புக்கு 60 டிகிரியில் ஒவ்வொரு காலும் 3.5 டன் தாங்கவேண்டிவரும், 45-இல் 4.3 டன், 30-இல் முழு 6.1 டன். இதோடு, சோக் போட்டு, அதாவது பைப்பைச் சுற்றிச் சுருக்குப்போல இறுக்கிக் கட்டினால் ஸ்லிங்கின் திறன் 80 விழுக்காடாகக் குறையும். எனவே 60 டிகிரியில் 4.4 டன் ஸ்லிங் போதும், 45-இல் 5.4 டன் வேண்டும். சிவப்பு நிற 5 டன் பெல்ட் ஸ்லிங் முதலாவதுக்குச் சரி, இரண்டாவதுக்குக் கூடாது. உயரம் போதாமல் நீளமான ஸ்லிங் போட முடியாவிட்டால் ஸ்பிரெடர் பீம் (ஸ்லிங்குகளை விரித்துப் பிடிக்கும் இரும்புக் கம்பம்) கேளுங்கள். அதன் எடையையும் சேர்க்க மறக்காதீர்கள். கோட்டிங் உள்ள பைப்பில் வயர் ரோப் சோக் வேண்டாம், பூச்சை வெட்டிவிடும்.

கிரேன் லோடு சார்ட்டில் (எவ்வளவு தூரத்தில் எவ்வளவு தூக்கலாம் என்ற அட்டவணை) உள்ள எண், பைப்புக்கு மட்டுமானது அல்ல. ஹூக் பிளாக் (கொக்கித் தொகுதி), ஷேக்கிள் (இணைப்பு வளையம்), ஸ்லிங் எல்லாம் அதில் அடக்கம். பளு ஏறும்போது பூம் (கிரேனின் கை) வளைந்து ரேடியஸ் (கிரேன் மையத்திலிருந்து பளுவுக்குள்ள தூரம்) கூடும்; ஆகவே சார்ட்டின் விளிம்பில் பிளான் போடுவது புத்திசாலித்தனமல்ல. 2011 விதிமுறைப்படி சிங்கப்பூரில் லிஃப்டிங் பிளான், லிஃப்டிங் சூப்பர்வைசர், ரிக்கர் (பளுவைக் கட்டுபவர்), சிக்னல்மேன் இல்லாமல் கிரேன் வேலை கிடையாது. ஆபரேட்டருக்குத் தமிழ் தெரியாமலிருக்கலாம். ரேடியோவில் பயன்படுத்தும் சொற்களை வேலைக்கு முன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கிலேயே முடிவு செய்யுங்கள். சிக்னல் ஒருவர் மட்டும் தரவேண்டும். ‘ஸ்டாப்’ மட்டும் யார் சொன்னாலும் செல்லும்.

இரு முனையிலும் டேக் லைன் (பைப் சுழலாமல் பிடிக்கும் கயிறு) கட்டி, 20, 30 சென்டிமீட்டர் தூக்கி நிறுத்துங்கள். ஒரு முனை தாழ்ந்தால் இறக்கி, ஸ்லிங்கைத் தாழ்ந்த பக்கம் நகர்த்துங்கள். எதிர்முனையில் ஆளை ஏற்றிச் சமன் செய்யும் பழக்கத்தைப் பார்த்தால் அங்கேயே வேலையை நிறுத்துங்கள். விடிகாலையில் மேற்கே வானம் கறுத்தால் சுமத்ரா காற்று (திடீரென வரும் பலத்த காற்றும் மழையும்) வரப்போகிறது. பைப் தொங்கிக்கொண்டிருக்கும்போது அது வந்து சேரக்கூடாது.

இறக்கும்போது கட்டைகள்மேல் வைத்து, இருபுறமும் ஆப்பு அடித்த பிறகே ஸ்லிங்கைத் தளர்த்துங்கள். பைப்புக்கு அடியில் சிக்கிய பெல்ட்டைக் கிரேனால் இழுக்காதீர்கள்: பெல்ட் கிழியும், இல்லாவிட்டால் பைப் உருளும்.