உடல் இயக்கம் பற்றி பிஎச்டி செய்ய இங்கிலாந்து வந்திருப்பவர்களுக்கு

வந்ததும் முடிக்க வேண்டிய நடைமுறை வேலைகளை முதலில் பார்த்துவிடுவோம். வந்த வாரமே பக்கத்து ஜிபி (பொது மருத்துவர்) கிளினிக்கில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்; விசாவோடு ஆண்டுக்கு 776 பவுண்டு சுகாதாரக் கட்டணம் கட்டித்தான் வந்திருக்கிறீர்கள். வீட்டில் எல்லோரும் முழுநேர மாணவர்கள் என்றால் கவுன்சில், அதாவது உள்ளாட்சி மன்றம், வசூலிக்கும் வரி கிடையாது. பல்கலைக்கழகக் கடிதத்தை கவுன்சிலுக்கு அனுப்பினால் போதும். வாரம் 20 மணி நேர வேலை வரம்பு பிஎச்டி மாணவர்களுக்குக் கோடையிலும் உண்டு. சூப்பர்வைசர் ஒப்புக்கொண்ட விடுப்பு நாட்களில் மட்டுமே அது தளரும். இதில் அசட்டையாக இருந்துவிடாதீர்கள், விசாவுக்கே ஆபத்து.

சரி, இனி ஆய்வு.

பிசியோதெரபியோ உடற்கல்வியோ பொதுச் சுகாதாரமோ ஊரில் படித்துவிட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே திட்டத்தோடு வருகிறார்கள்: ஒரு குழுவுக்குப் பன்னிரண்டு வாரம் நடைப்பயிற்சி, இன்னொரு குழுவுக்கு எதுவுமில்லை, கடைசியில் ஒப்பீடு. அந்த முறைக்கு அதற்குரிய இடம் உண்டு. ஆனால் பயிற்சி முடிந்ததும் மக்கள் ஏன் பழையபடி உட்கார்ந்துவிடுகிறார்கள் என்ற கேள்விக்கு அதில் பதில் கிடைப்பதில்லை. சாலை, பள்ளி, பேருந்து, பூங்கா, வேலை நேரம், கவுன்சிலின் பட்ஜெட் எல்லாம் ஒன்றையொன்று இழுக்கின்றன. அந்த இழுவையைப் படிப்பதுதான் சிஸ்டம்ஸ் அணுகுமுறை. மக்களின் உடல் இயக்கக் குறைவை 2030-க்குள் 15 சதவீதம் குறைக்க வேண்டும் என்று 2018-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட செயல்திட்டமும் இந்தப் பார்வையில்தான் எழுதப்பட்டிருக்கிறது. வந்ததும் முதலில் அதைப் படியுங்கள்.

அடுத்து வட இங்கிலாந்து நகரமான பிராட்ஃபோர்டைப் பற்றிப் படியுங்கள். விளையாட்டுக்கான அரசு அமைப்பான ஸ்போர்ட் இங்கிலாந்து, மக்களின் உடல் இயக்கத்தைக் கூட்டும் முன்னோட்டத் திட்டத்துக்கு 2017-இல் 12 இடங்களைத் தேர்ந்தெடுத்தது. சவுத்ஹாலும் எசெக்ஸும் அதில் உண்டு, பிராட்ஃபோர்டும் உண்டு. பிராட்ஃபோர்டில் 'ஜம்ப்' என்ற பெயரில் 5 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்காக வேலை நடந்தது. அங்கே தெற்காசிய முஸ்லிம் குடும்பங்கள் அதிகம். பள்ளி விட்டதும் பிள்ளைகள் நேராக மதரசாவுக்குப் போகிறார்கள், மாலை அங்கேயே கழிகிறது. அந்தக் குடும்பங்களிடம் போய் 'மாலையில் பிள்ளையை விளையாட விடுங்கள்' என்று நோட்டீஸ் கொடுத்து என்ன பயன்? அதனால் மதரசாக்களையும் பள்ளிவாசல்களையும் பங்காளிகளாகச் சேர்த்துக்கொண்டு, அங்கேயே பிள்ளைகள் அசைய என்ன வழி என்று கேட்டார்கள். டியூஷனுக்கும் பாட்டு வகுப்புக்கும் மாலைகளைக் கொடுத்து வளர்ந்த நமக்கு இது சட்டென்று புரியும். இங்கே பலர் படித்துத் தெரிந்துகொள்வதை நீங்கள் வாழ்ந்தே தெரிந்துகொண்டிருக்கிறீர்கள். அந்த அறிவைத் தயங்காமல் மேசையில் வையுங்கள்.

எது எதை இழுக்கிறது என்று எல்லோரும் சேர்ந்து வரையும் வரைபடப் பட்டறை ஒன்றில் முதல் ஆண்டிலேயே உட்கார வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். சுவரில் நீளமாகத் தாள் ஒட்டியிருப்பார்கள். தலைமையாசிரியர், போக்குவரத்து அதிகாரி, பெற்றோர் எல்லோரும் சிறு சீட்டுகளில் எழுதி ஒட்டி, அம்புக்குறி போடுவார்கள். 'காரில் பிள்ளையைக் கொண்டுவிடும் பெற்றோர்' என்ற சீட்டிலிருந்து 'பள்ளி வாசலில் நெரிசல்', அங்கிருந்து 'நடந்துவரப் பயம்', அங்கிருந்து மறுபடி முதல் சீட்டுக்கே அம்பு வந்து சேரும்; இதுதான் ஒரு வளையம். காரில் வருவதே காரில் வருவதைப் பெருக்குகிறது. இதைப் பெற்றோரே தங்கள் கையால் வரைந்து பார்க்கும்போது பேச்சு மாறும். யாரைக் குறை சொல்வது என்பதை விட்டுவிட்டு, எந்த அம்பை வெட்டலாம் என்று யோசிக்கத் தொடங்குவார்கள். பள்ளி நேரத்தில் வாசல் தெருவைக் கார்களுக்கு மூடும் திட்டம் வெட்டுவது இந்த இடத்தைத்தான்.

ஆனால் வரைபடத்திலேயே மூழ்கிவிடாதீர்கள். நூற்றைம்பது சீட்டுகளும் எண்ணற்ற அம்புகளும் கொண்ட படம் பார்க்க அழகாக இருக்கும், ஆய்வேட்டுக்கு உதவாது. உங்கள் எல்லையை நீங்களே போட வேண்டும்: ஒரு ஊர், ஒரு வயதுப் பிரிவு, ஒரு வளையம். ஊர் மாற ஐந்து, பத்து ஆண்டுகள் ஆகும். உங்களிடம் இருப்பது மூன்று, மூன்றரை. அதனால் புதிதாக ஒன்றைத் தொடங்குவதைவிட, ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் திட்டம் ஒன்றோடு ஒட்டிக்கொள்வதே என் கணக்கில் சரி. ஒரு முயற்சி எங்கெங்கே கிளைத்தது என்று பங்கெடுத்தவர்களோடு உட்கார்ந்து பின்னோக்கி வரையும் 'ரிப்பிள் எஃபெக்ட்ஸ் மேப்பிங்' முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். இந்தக் கால அளவுக்குப் பொருந்தும்.

ஆய்வு நெறிமுறைக் குழு ஒப்புதலுக்கு மாதக்கணக்கில் ஆகலாம். பள்ளிப் பிள்ளைகளோடு வேலை என்றால் குற்றப் பின்னணியைச் சரிபார்க்கும் டிபிஎஸ் சான்றும் கேட்பார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களிடம் சொந்த நாட்டுக் காவல்துறைச் சான்றையும் சேர்த்துக் கேட்பதுண்டு. இன்னும் கிளம்பாத நண்பர்கள் இருந்தால், ஊரிலேயே வாங்கிவரச் சொல்லுங்கள்.

கவுன்சில் ஊழியர்கள் கேள்வித்தாளோடு வருகிறவர்களைப் பார்த்துச் சலித்தவர்கள். முதலில் கூட்டங்களுக்குப் போங்கள், நாற்காலி எடுத்துப் போடுங்கள், பேட்டியெல்லாம் அப்புறம். சனிக்கிழமை காலை 9 மணிக்குப் பல ஊர்ப் பூங்காக்களில் பார்க்ரன் நடக்கிறது: 5 கிலோமீட்டர், இலவசம், நடந்தும் வரலாம். பிராட்ஃபோர்டில் லிஸ்டர் பூங்காவில் நடக்கும். தன்னார்வலராக நின்றால் யார் வருகிறார்கள், யார் வருவதே இல்லை என்று கண்ணால் பார்ப்பீர்கள். வராதவர்கள் யார் என்று குறித்துக்கொண்டு அடுத்த வாரம் சூப்பர்வைசரிடம் பேசுங்கள். 'சார்', 'மேடம்' வேண்டாம், பெயர் சொல்லியே கூப்பிடலாம்.