பாவசங்கீர்த்தனம்: சாமியாரிடம் சொல்லிவிட்டால் தீர்ந்ததா?

"சாமியாரிடம் சொல்லிவிட்டால் கணக்கு நேர், மறுநாள் திரும்பச் செய்யலாம்." கத்தோலிக்கர் குருவிடம் (சாமியாரிடம்) பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்தைப் பற்றி வெளியே இப்படித்தான் பேச்சு. ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் அதற்காக வரிசையில் நிற்கிற சிலருக்குமே அந்த நினைப்புத்தான்.

பழைய ஞானோபதேசம் (மறைக்கல்விப் புத்தகம்) ஐந்து காரியங்களைக் கேட்கிறது: பாவத்தை நினைப்பது, மனஸ்தாபப்படுவது, இனிச் செய்வதில்லை என்று பிரதிக்கினை பண்ணுவது, குருவிடம் சொல்வது, அபராதம் (பரிகாரமாகக் குரு சொல்லும் ஜெபம் போன்றவை) தீர்ப்பது. சொல்வது நாலாவதுதான். திருந்தும் எண்ணமே இல்லாதவருக்குப் பாவமன்னிப்பு செல்லாது. அது தெரிந்தால் குரு மறுக்கவும் செய்வார்.

முதல்நாளே பத்துக் கட்டளைகளை வரிசையாக வைத்து யோசியுங்கள். தாளில் குறித்தால் பிறகு கிழித்துப்போடுங்கள், பெஞ்சில் விட்டுவிட்டு வராதீர்கள்.

பாவசங்கீர்த்தனத் தொட்டியில், அதாவது குரு உட்கார்ந்து கேட்கும் கூண்டில், மண்டியிட்டுச் சிலுவை அடையாளம் வரைந்து, கடைசியாக எப்போது செய்தீர்கள் என்று சொல்லுங்கள். சாவான பாவத்துக்கு, அதாவது தெரிந்தே மனதாரச் செய்த கனமான பாவத்துக்கு, வகையும் எண்ணிக்கையும் வேண்டும். "ஏமாற்றினேன்" போதாது. "கடையில் எடை குறைத்து விற்றேன், ஆறு மாதமாக, வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை." இவ்வளவுதான், கதை வேண்டாம். மாமியார் செய்த பாவத்தை மருமகள் ஒப்பிப்பதும் வேண்டாம். அதில்தான் பாதி நேரம் போகிறது. மறந்துபோனது குற்றமில்லை, அடுத்த முறை சொல்லலாம். சாவான பாவத்தை வேண்டுமென்றே மறைத்தால் முழுப் பாவசங்கீர்த்தனமும் வீண்.

எடை குறைத்தவர் மன்னிப்புப் பெற்றாலும் அந்தக் காசு அவருடையது ஆகிவிடாது. வாங்கியவர் யாரென்று தெரிந்தால் அவருக்கு, தெரியாவிட்டால் ஏழைகளுக்குக் கொடுத்தாக வேண்டும். மறுநாளும் அதே தராசை வைத்து விற்கலாம் என்கிறவர்கள் கவனிக்காத இடம் இதுதான்.

மன்னிப்பது குருவின் சொந்த அதிகாரமும் இல்லை. யோவான் 20:23-ஐக் காட்டி, கிறிஸ்துவின் பெயரால் செய்வதாகத் திருச்சபை சொல்கிறது. குருவும் இன்னொரு குருவிடம்தான் போக வேண்டும். 2014 மார்ச்சில் போப் பிரான்சிஸே புனித பேதுரு பேராலயத்தில் எல்லார் முன்னிலும் ஒரு குருவிடம் மண்டியிட்டார். கேட்டதை வெளியே சொல்லும் குருவுக்குத் திருச்சபையிலிருந்தே விலக்கு. கட்டணம் கிடையாது.

அபராதமாக என்ன ஜெபம் சொன்னார் என்று காதில் விழவில்லையா? எழுந்திருக்குமுன் கேட்டுவிடுங்கள். வெளியே வந்துவிட்டால் அடுத்த ஆள் மண்டியிட்டிருப்பார்.