பகுதி நேர வேலை கேட்கப் போகும்போது நேர அட்டவணையோடு போங்கள்

கடைக்காரரிடம் "வேலை இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள். எந்த நாளில் எத்தனை மணிக்கு வர முடியும், செமஸ்டர் தேர்வு எந்த மாதம் என்று ஒரு தாளில் எழுதி, அடியில் போன் நம்பரோடு கையில் கொடுங்கள். சென்னை பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடைகளுக்கு இது ரொம்பவே பொருந்தும். அங்கே கூட்டம் சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும்தான். அந்த நேரத்துக்கு மட்டும் ஆள் கிடைத்தால் முழுநாள் சம்பளம் மிச்சம். தேர்வு லீவை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பின்னால் மனத்தாங்கலும் வராது. கூட்டமில்லாத காலை வேளையில், ஆடித் தள்ளுபடிக்கோ தீபாவளிக்கோ ஒரு மாதம் முன்பே போவது நல்லது. திருவொற்றியூர், தண்டையார்பேட்டைப் பக்கம் இருந்தால் மெட்ரோவில் தியாகராயா கல்லூரி நிலையத்தில் இறங்கிக்கொள்ளலாம்.

மதியத்துக்கு மேல் வகுப்பு நடக்கும் இரண்டாம் ஷிப்ட் மாணவர்களுக்கு இது சரிவராது; அவர்கள் காலையில் ஆள் தேடும் இடங்களைப் பார்க்க வேண்டும். சீக்கிரம் கதவடைக்கும் ஹாஸ்டலில் இருப்பவர்களுக்கும் கஷ்டம். வேலை தர முன்பணமோ அசல் மார்க்‌ஷீட்டோ கேட்டால், அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.